கோட்டை விட்ட கதை: செஞ்சியும் சில சொலவடைகளும்

"போச்சு, கோட்டை விட்டுட்டியே!"

நம் வீடுகளில் இந்த வாக்கியம் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கணக்குப் பரீட்சையில் ஒரு சைபரை விட்டால் கோட்டை விட்டது. கடைசி பஸ் போய்விட்டால் கோட்டை விட்டது. நல்ல வரனைத் தட்டிக் கழித்தால், கடைசி ஓவரில் கேட்ச் நழுவினால், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் நாலு எல்லையையும் படிக்காமல் விட்டால், எல்லாவற்றுக்கும் இதே வார்த்தைதான். நேர்ப்பொருள் கோட்டையைக் கைநழுவ விடுவது. ஆனால் வழக்கில் அதோடு ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்தே வருகிறது: நீ அசந்துவிட்டாய், கவனமாக இருந்திருந்தால் போயிருக்காது. எதிராளி பலசாலி என்பதற்கு இந்தத் தொடரில் இடமே கிடையாது. தப்பு முழுக்க விட்டவன் மேல்.

பழமொழி என்று இதைச் சொல்ல முடியாது, மரபுத்தொடர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1840களில் பழமொழிகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1874 பதிப்பில் அது ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. பின்னால் லாசரஸ், ஜென்சன், நம் காலத்துக்குக் கிட்டத்தில் கி.வா.ஜ. என்று வரிசையாகத் தொகுத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகளைப் புரட்டுவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. புரட்டும்போதெல்லாம் எழும் ஆசை ஒன்று உண்டு: இந்த வார்த்தைகளை உண்மையான ஒரு ஊரில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால், எது நிற்கும், எது நிற்காது? கோட்டை விடுவதைச் சோதிக்க வேண்டுமானால் அதற்குச் செஞ்சியை விட்டால் வேறு ஊர் இல்லை. தமிழ்நாட்டில் இத்தனை கை மாறிய கோட்டை குறைவு.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை கோட்டை மதிலுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். பாறை பாறையாக, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மாதிரி. மூன்றையும் சுற்றிச் சேர்த்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மதில். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. அதன் மேல்தளத்துக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு ஆழமான பள்ளம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. மேலே இருக்கும் பத்துப் பேர் கீழே இருக்கும் பட்டாளத்தைத் தடுத்துவிடலாம். நாயக்கர் காலத்தில், 1597இல், இங்கே வந்த ஜேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, இந்தியாவில் தான் கண்டதில் பெரிய நகரம் இது, போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெதுவும் இதற்கு ஈடில்லை என்ற அளவுக்கு எழுதிவைத்தார்.

இப்படிப்பட்ட கோட்டையை எப்படித்தான் விட்டார்கள்?

முதலில் நாயக்கர்கள். பீஜப்பூர்ப் படை முற்றுகையிட்டபோது மதுரைத் திருமலை நாயக்கர் அனுப்பிய படையும் கோட்டைக்குள் இருந்தது. ஆள் பஞ்சமில்லை, அரிசிப் பஞ்சமில்லை. உள்ளே இருந்த பல தரப்பட்ட வீரர்களுக்குள் சச்சரவு மூண்டு, அந்தக் களேபரத்தில் கதவு திறந்தது என்கின்றன பாதிரிமார்களின் கடிதங்கள். 1649இல் செஞ்சி பீஜப்பூர் கைக்குப் போனது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1677இல், சிவாஜி வந்தார். சிவாஜி என்றதும் வாளும் குதிரையும் ஞாபகம் வரும். இங்கே நடந்தது பெரும்பாலும் பேச்சுவார்த்தை. கோட்டையைக் காத்த பீஜப்பூர்த் தளபதிக்குப் பணமும் ஜாகீரும் தருவதாகப் பேசி முடித்ததாகவே பதிவுகள் சொல்கின்றன. அந்தத் தளபதி கோட்டை விட்டாரா, விற்றாரா? தமிழில் இரண்டுக்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம்.

சிவாஜி மதில்களை இடித்துப் புதிதாகக் கட்டினார், அகழியை ஆழப்படுத்தினார். தனக்காக என்பதைவிட வரப்போகும் ஒரு கெட்ட நாளுக்காக என்று சொல்லலாம். அந்த நாள் பன்னிரண்டு வருஷத்தில் வந்துவிட்டது. 1689இல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றார். இளையவர் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. மராத்திய அரசின் தலைநகரமே சில வருஷங்களுக்கு நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை நான் படித்ததாக ஞாபகமில்லை.

பின்னாலேயே ஜுல்பிகர் கான் முகலாயப் படையோடு வந்தார். 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 தொடக்கத்தில்தான் முடிந்தது. ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் அளவுக்குக் காலம். இடையில் 1692 கடைசியில் மராத்தியத் தளபதிகள் சாந்தாஜியும் தானாஜியும் முற்றுகைக்காரர்களையே முற்றுகையிட்டார்கள். முகலாயப் பாசறைக்குத் தானியம் வரவில்லை. ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் கோட்டைக்குள் இருந்தவர்களோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி, சொந்தத் தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அப்புறம் மறுபடி வந்தது.

ஏன் இத்தனை வருஷம்? அந்தப் படையோடு கூடவே இருந்த பீம்சேன் என்ற அதிகாரி தன் நினைவுக்குறிப்பில் மழுப்பாமல் எழுதியிருக்கிறார்: ஜுல்பிகர் கான் நினைத்திருந்தால் வந்து சேர்ந்த அன்றைக்கே பிடித்திருக்கலாம், ஆனால் வேலையை இழுத்தடிப்பதுதான் தளபதிகளின் வழக்கம். ஔரங்கசீப் கிழவர். அவர் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செஞ்சி விழுவதற்கு முன்பே ராஜாராம் வெளியேறி வேலூர் வழியாக வடக்கே போய்விட்டார். ஜுல்பிகர் கான் கண்டும் காணாமல் இருந்தார் என்பது அன்றே பேச்சாக இருந்தது. சாலை காண்டிராக்ட், பாலம் காண்டிராக்ட் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

ஆக இதுவரை எங்கேயும் யாரும் "அசந்து" கோட்டை விடவில்லை. சண்டை போட்டுக்கொண்டு விட்டார்கள், விலை பேசி விட்டார்கள், இழுத்தடித்து விட்டார்கள்.

அசந்து விட்டது 1750இல். செப்டம்பர் 11 இரவு, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கீழ்க்கோட்டைக் கதவை வெடி வைத்துப் பிளந்தார். விடிவதற்குள் மூன்று மலைகளும் பிரெஞ்சுக்காரர்கள் கையில். மறுநாள் காலை வெளிச்சத்தில் தாங்கள் ஏறிய இடத்தைப் பார்த்து அவர்களே மலைத்துப் போனார்கள் என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். எட்டு வருஷம் நின்ற அதே மதில். இது ஒன்றுக்குத்தான் நம் அம்மாக்கள் சொல்லும் அர்த்தம் அப்படியே பொருந்துகிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது நிலைக்கவில்லை. எதிரியைவிடக் காய்ச்சல்தான் அவர்களை வாரிக்கொண்டு போனது. ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே இருந்ததில்லை, ஆனால் பத்து வருஷத்தில் 1,200 பேர் செத்தார்கள் என்பது ஓர்ம் தரும் கணக்கு. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அடுத்து ஆங்கிலேயத் தளபதி ஸ்டீபன் ஸ்மித் செஞ்சிக்கு வந்து சரணடையச் சொன்னார். பிரெஞ்சுத் தரப்பில் கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் மக்ரெகர். ஒரு லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷத்துக்குள் இதைப் பிடிக்க முடியாது என்று பதில் அனுப்பினார் அவர். ஏப்ரல் 5ஆம் தேதி சாவியைக் கொடுத்தார். மூன்று வருஷமும் இல்லை, மூன்று மாதமும் இல்லை. "மனக்கோட்டை கட்டாதே" என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கப்படம் கிடைக்காது. இவருக்குக் கட்டிவைத்த கோட்டையே கையில் இருந்தது, அதன் மேல் இன்னொன்று மனசில் கட்டினார். பாவம், தவறு முழுக்க அவருடையது என்றும் சொல்ல முடியாது. புதுச்சேரி போன பிறகு யாருக்காக அந்த மலையைக் காப்பது?

1780இல் ஹைதர் அலி. அதற்குப் பிறகு மறுபடி கும்பெனி. அத்தோடு சண்டைக் கணக்கு முடிகிறது.

இத்தனையும் மலை மேல் நடந்தது. கீழே நெல்லும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்பு ஏதுமில்லை. இருப்பது சொலவடைதான். "ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன?" இதை அலட்சியத்தின் வாக்கு, பொறுப்பில்லாத குடிமகனின் வாக்கு என்று திட்டுகிறவர்கள் உண்டு. ஓட்டுப் போடும் நாளில் இதைச் சொன்னால் நானும் திட்டுவேன். ஆனால் கோனார் மரபு ஆண்டதாகச் சொல்லும் பழங்கதையிலிருந்து தொடங்கி, விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் என்று ஆட்சியை மாற்றி மாற்றிப் பார்த்த ஒரு ஊரில் நின்று இதைக் கேட்டால் தொனி வேறு. எவன் வந்தாலும் களத்துமேட்டில் வந்து நிற்பான், பங்கு கேட்பான். அலட்சியமாக இருக்க அவர்களுக்கு வசதி ஏது? இது அனுபவத்தின் களைப்பு.

அதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியது, "சர்க்கார் கோழிமுட்டை குடியானவன் அம்மியை உடைக்கும்." எனக்கு மிகப் பிடித்த பழமொழிகளில் ஒன்று. சிலர் "அரண்மனைக் கோழிமுட்டை" என்பார்கள். முட்டை உடையணும், அம்மி நிக்கணும், அதுதான் இயற்கை. சர்க்கார் என்ற சொல் ஒட்டிக்கொண்டால் இயற்கையே தலைகீழ். சர்க்கார் என்பது பாரசீகச் சொல். அதோடு கூடவே வந்து நம் நாக்கில் தங்கிவிட்ட மற்றவற்றைப் பாருங்கள்: வசூல், கிஸ்தி, பாக்கி, ஜப்தி, ஜாமீன், தாசில். ஒன்றாவது சமையலறைச் சொல்லா, பாட்டுச் சொல்லா? எல்லாம் கேட்டு வாங்குகிற சொற்கள். இன்றைக்கும் மளிகைக்கடை நோட்டில் "பாக்கி" என்று எழுதும்போது யாரும் அதைப் பிறமொழிச் சொல்லாக நினைப்பதில்லை.

அந்தப் பாக்கியில்தான் செஞ்சியின் புகழ்பெற்ற கதை ஆரம்பிக்கிறது.

கோட்டையைப் பிடித்த முகலாயர்கள், கொஞ்ச காலத்தில் அதை சரூப் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரரிடம் ஒப்படைத்தார்கள். அவர் 1714இல் இறந்தார். செலுத்த வேண்டிய பணம் நிலுவையில் இருந்தது. மகன் தேஜ் சிங் பந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். தேஜ் சிங் என்ற பெயர் தமிழ் வாயில் உருண்டு தேசிங்கு ஆனது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். நாராயணன் பிள்ளை எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' இந்த வழக்கை விவரமாகச் சொல்கிறது: தேசிங்கு, ஔரங்கசீப் கொடுத்த ஃபர்மானைக் காட்டினார். பாதுஷா மாறிவிட்டார், புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். ஏதோ லைசென்ஸ் ரினியூவல் தகராறு மாதிரிதான் இருக்கிறது. அது போராக முடிந்தது.

1714 அக்டோபர் 3. நவாபின் படை பெரிது, தேசிங்குவிடம் சில நூறு குதிரை வீரர்கள். மழைக்காலம், ஆற்றில் வெள்ளம். கோட்டைக்குள் இருந்துகொண்டு கதவைச் சாத்தியிருக்கலாம். எட்டு வருஷம் தாங்கிய மதில் இருக்கிறது, தானியக் களஞ்சியம் இருக்கிறது, சுனை இருக்கிறது. அவர் இறங்கினார். வெள்ளத்தில் குதிரையை விட்டு அக்கரை போனார். "ஆழம் தெரியாம காலை விடாதே" என்று நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்களே, அதை அப்படியே மீறினார். தேவனூர், கடலி பக்கம் நடந்த சண்டையில் செத்தார். அப்போது வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆட்சி செய்தது ஒரு வருஷம்கூட இல்லை.

சிங்கவரம் ரங்கநாதர் கோயிலில் இதற்கு ஒரு ஐதீகம் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பல்லவர் காலக் குடைவரை அது. போருக்குப் போகும் முன் தேசிங்கு அங்கே உத்தரவு கேட்டாராம். போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கேட்காமல் போனார். பெருமாள் சொல்லியும் கேட்காதவன் என்பதைத் தெருக்கூத்துக்காரர்களும் கதைப்பாடல்காரர்களும் குறையாகவா பாடினார்கள், பெருமையாகவா? இரண்டும் கலந்துதான்.

இப்போது அன்றாடப் பேச்சுக்கு வருவோம். "மனசுல பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு!" சைக்கிளில் கையை விட்டு ஓட்டும் பையனுக்கு இது கிடைக்கும். கடன் வாங்கிப் புல்லட் வாங்கியவனுக்குக் கிடைக்கும். சம்பளத்தில் பாதியை நண்பர்களுக்குச் செலவழித்துவிட்டு வருகிறவனுக்கு நிச்சயம் கிடைக்கும். முழுக்க முழுக்கக் கேலி. அதே தேசிங்குவின் கதையைத்தான் அம்மானைப் பாட்டாகப் பெரிய எழுத்துப் புத்தகத்தில் அச்சடித்துத் திருவிழாக்களில் விற்றார்கள். 1960இல் எம்.ஜி.ஆர். அந்த வேஷத்தில் படத்திலேயே நடித்தார். அதாவது ராத்திரி கதையில் அவருக்காக அழுதவர்கள், காலையில் மகனைத் திட்ட அதே பெயரை எடுத்தார்கள்.

இதில் முரண் இருப்பதாக நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். "தேசிங்கு மாதிரி இருடான்னு எந்தத் தாயாரு தம்பி சொல்லுவா? செத்துப்புட்டானே," என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா வேற எவன் பேரு இந்த ஊருல நிக்குது, சொல்லுங்க?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சாதத்துல்லா கான் வென்றார், கோட்டைக்குள் அவர் பெயரில் பள்ளிவாசல் இருக்கிறது. வரலாறு படிப்பவர்களைத் தவிர அவரை யார் பேசுகிறார்கள்? ஜுல்பிகர் கான் தன் பட்டப்பெயரான நுஸ்ரத் ஜங்கை வைத்துக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் இப்போது எங்கே? கட்டியவன், விற்றவன், வாங்கியவன், எட்டு வருஷம் இழுத்தடித்தவன் எவனும் சொலவடைக்குள் வரவில்லை. பத்து மாதம்கூட ஆளாதவன் வந்தான். கேலியாக என்றாலும் வந்தான். கோட்டையை விட்டு இறங்கிப் போய்ச் சண்டை போட்டதற்கும் "கோட்டை விட்டான்" என்பதற்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லைத்தான் வைத்திருக்கிறது. முதலாவதற்குத் தனியாக ஒரு தொடர் நம்மிடம் இல்லாததால்தான், அந்த இடத்தில் ஆளின் பெயரையே வைத்துக்கொண்டோமோ என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாத எண்ணம், ஆனால் விட மனசில்லை.

கோட்டையின் பிற்காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்." பிரெஞ்சுக்காரர்கள் போகும் முன்பே வேங்கடரமணர் கோயிலிலிருந்து செதுக்கிய கல்தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கின்றனவே, அவைதான். செல்ஃபி எடுக்கும் நூறு பேரில் ஒருவருக்காவது அது செஞ்சிக் கல் என்று தெரிந்திருக்குமா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'மராத்தியர் ராணுவ நிலவெளிகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. தமிழ்நாட்டுக் கோட்டைக்கு மராத்திப் பெயரில் அங்கீகாரமா என்று கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ராமன், ராவணன் சமாச்சாரத்தை அந்தச் சமயத்தில் யாராவது எடுத்துவிட்டிருந்தால் ரசித்திருப்பேன்.

செஞ்சிக்குப் போனால் ராஜகிரி ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெயிலுக்கு அதுவே அதிகம்தான். முடிந்தால் செட்டிக்குளத்தங்கரைக்கும் போங்கள். தேசிங்குவை எரித்ததாகவும், அவர் மனைவி அதே தீயில் இறங்கியதாகவும் சொல்லும் மேடை அங்கே இருக்கிறது. அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்தது என்பது மரபு. கதையில் அவளுக்குச் சாவைத் தவிர வேறு வேலை தரவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

அங்கிருந்து நீலாம்பூண்டி. தேசிங்குவின் நண்பன் மகபத் கான், பாட்டில் மோவுத்துக்காரன், கல்யாண வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து அதே சண்டையில் செத்தவன். அவன் சமாதி அந்த ஊரில் இருக்கிறது. பக்கத்தில் குதிரைக்கும் ஒன்று. ராஜபுத்திர ராஜாவுக்கு முஸ்லிம் நண்பன், எதிரில் நின்றதும் முஸ்லிம் நவாப், பாடி வைத்தது தமிழ்க் குடியானவர்கள். "மாலையும் கழுத்துமா வந்து நின்னான்" என்று நாம் புதுமாப்பிள்ளையைச் சொல்வோமே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மோவுத்துக்காரன் ஞாபகம்தான் வரும்.